தண்ணீருக்கடியில் பாறையோடு பசை ஒட்டுமா? சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

'தண்ணீருக்கடியிலும் ஒட்டும்' என்று பசைக் குழாயில் அச்சடித்திருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் எந்தக் கல்லில் ஒட்டினார்கள், அந்தக் கல்லை எப்படிச் சுத்தம் செய்தார்கள், எத்தனை நாள் ஊறிய பிறகு இழுத்துப் பார்த்தார்கள் என்பதெல்லாம் குழாயில் இருக்காது. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் முடிவு தலைகீழாகிவிடும்.

இந்தக் கேள்வி பலருக்கு வருகிறது. கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பவளத் துண்டைக் கல்லில் பதிக்கப் பார்க்கிறார்கள். பவளத்திட்டு மீட்பில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. கரைப்பாறைகளை ஆராய்பவர்கள் அடையாளத் தகடுகளையும் வெப்பமானிகளையும் பாறையில் ஒட்டுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் பிரையன் ஹெல்முத்தின் குழு, மட்டி வடிவத்தில் எபாக்ஸியில் (இரண்டு பாகத்தைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) செய்த கருவிகளுக்குள் வெப்பப் பதிவியை வைத்து, நிஜ மட்டிகளுக்கு நடுவே பாறையில் ஒட்டி, 1990களின் இறுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் வெப்பநிலை எடுத்திருக்கிறது. அலை அடிக்கிற இடத்தில் பசை நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் கல்லில், உங்கள் கையால் ஒட்டினால் நிற்குமா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு: எவ்வளவு வலு தேவை?

இதைச் செய்யாமல் சோதனையில் இறங்கினால், வருகிற எண் நல்லதா கெட்டதா என்றே தெரியாது.

பாறையில் 10 செ.மீ. கனசதுரப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும் நீர் அதைத் தள்ளும் விசைக்கான சூத்திரம்: நீரின் அடர்த்தியில் பாதி, இழுவைக் கெழு (பொருளின் வடிவத்தைப் பொறுத்த ஒரு எண்), எதிர்கொள்ளும் பரப்பு, வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கல். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ. கெழுவை 1 என்று எடுத்துக்கொள்ளலாம். நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் விசை சுமார் 20 நியூட்டன், அதாவது 2 கிலோ எடை. அதே பெட்டி அலை மோதி உடையும் பாறையில் இருந்தால் வேகம் 10 மீட்டரைத் தொடலாம். அப்போது விசை 510 நியூட்டனுக்கு மேல், கிட்டத்தட்ட 52 கிலோ. வேகம் ஐந்து மடங்கானால் விசை இருபத்தைந்து மடங்கு.

52 கிலோ என்றதும் பயமாக இருக்கும். அதை ஒட்டுப் பரப்பான 10,000 சதுர மி.மீ.க்குப் பிரித்துப் பாருங்கள்: 0.05 மெகாபாஸ்கல்தான். (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்.) அலை பெட்டியின் நடு உயரத்தில் மோதிக் கவிழ்க்கப் பார்ப்பதால், அலை வருகிற பக்கத்து விளிம்பில் இழுவிசை அதிகமாகும். அதையும் போட்டுப் பார்த்தால் 0.15 மெகாபாஸ்கல் வருகிறது. நன்றாக ஒட்டிய சாதாரண எபாக்ஸியே இதைப்போலப் பல மடங்கு தாங்கும்.

பிறகு ஏன் கடலில் ஒட்டியவை பிய்த்துக்கொண்டு போகின்றன? பசைக்கு வலு போதாமல் அல்ல. பெரும்பாலும் பசை பாறையைத் தொடவே இல்லை. ஓரம் மட்டும் ஒட்டியிருக்கும். நடுவில் நீர் சிறைப்பட்டிருக்கும். அல்லது பாறைக்குப் பதில் பாசியோடு ஒட்டியிருக்கும். ஆகவே நம் சோதனை இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எத்தனை கிலோவில் விட்டது, எங்கே விட்டது. இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

நீர் எப்படிக் கெடுக்கிறது

கருங்கல், மணற்கல் போன்றவற்றின் மேற்பரப்பு தண்ணீரை விரும்பும் ரகம். கல்லின் மேல் நீர் மூலக்கூறுகள் மெல்லிய படலமாக இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். பசை அந்தப் படலத்தைத் தள்ளிவிட்டுக் கல்லைத் தொட்டாக வேண்டும். காற்றில் ஒட்டும்போது இந்தப் போட்டியே இல்லை. ஒட்டிய பிறகும் நீர் விடாது. பசைக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டில் மெல்ல நுழைந்து, நாளடைவில் பசையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் சோதனையில் ஜெயித்த பசை மூன்றாம் மாதம் நகத்தால் பெயர்த்தாலே வருவதற்கு இதுதான் காரணம்.

கடல் மட்டி இந்தப் போட்டியில் ஜெயிக்கிற விதம் தெரிந்ததுதான். அதன் ஒட்டுப் புரதங்களில் டோபா என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதை ஆய்வாளர் ஹெர்பர்ட் வெய்ட் 1980களின் தொடக்கத்தில் காட்டினார். கல்லின் மேலுள்ள நீரை விலக்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. நம் கடையில் அது கிடைக்காது. கிடைப்பதை வைத்துப் பார்ப்போம்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

நீங்கள் கடைசியில் எந்தப் பாறையில் ஒட்டப்போகிறீர்களோ அதே வகைக் கல்லில் சோதிக்க வேண்டும். கல்லறுக்கும் பட்டறையில் வெட்டிப்போட்ட துண்டுகள் கேட்டால் கிடைக்கும். சென்னைப் பக்கத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகள் அந்த வகைதான்; கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இந்தக் கல் இருந்ததால் அவர் பெயரே அதற்கு வந்தது. நுண்துளை மிகக் குறைவு. பசை உள்ளே இறங்காது. மணற்கல் இதற்கு நேர்மாறு.

சமையலறை மேடைக்குப் போடுகிற கடப்பா கல் கறுப்பாக இருந்தாலும் சுண்ணாம்புக் கல் வகை. ஒரு மூலையில் கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் சுண்ணாம்புக் கல் இல்லை. இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

மெருகேற்றிய முகம் வேண்டாம். கல் உடைந்த முகமோ, ரம்பம் அறுத்த முகமோ போதும். கடற்கரையிலிருந்து கல்லோ செத்த பவளமோ எடுத்து வராதீர்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் அது குற்றம். பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

எந்தப் பசைகளைச் சோதிப்பது

ஐந்தாறு குழாய் வாங்கிக் குவிக்காமல், வேதியியல் வேறுபட்ட மூன்று நான்கு எடுத்தால் போதும்.

பிசையும் எபாக்ஸி முதலில். எம்-சீல் மாதிரி இரண்டு நிறக் களிமண்ணாக வருவது. கெட்டியாக இருப்பதால் நீரில் கரைந்து போகாது. நீருக்கடியில் வேலை செய்ய ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. வாங்கும்போது ஈரப் பரப்பிலும் இறுகுமா என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழாயாக வரும் திரவ எபாக்ஸி அடுத்து. இவை பெரும்பாலும் உலர்ந்த பரப்புக்கானவை. ஹார்டனரில் (இறுகவைக்கும் பாகம்) இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் நீரோடு கலக்கக்கூடியது; இறுகுமுன் நீர் பட்டால் மேலே வெளுத்துப் பிசுபிசுக்கும். நீருக்கடியில் பயன்படுத்தவென்றே வேறு ஹார்டனர் போட்ட வகைகள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் இறுகுவதற்கே ஈரம் வேண்டும். நீரில் விட்டால் உடனே வெள்ளைத் தோல் போர்த்திக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே இருக்கும். நீர்த்த வகை இந்த வேலைக்கு ஆகாது, ஜெல் வகைதான். இடைவெளியை நிரப்பத் தெரியாது, மொறுமொறுப்பானது, நாளாவட்டத்தில் நீரில் பலவீனப்படும். அதனால்தான் மீன்தொட்டிக்காரர்கள் ஜெல், பிசைந்த எபாக்ஸி, மறுபடி ஜெல் என்று மூன்றடுக்காகப் போடுகிறார்கள்: ஜெல் உடனே பிடிக்கும், எபாக்ஸி நிலைத்து நிற்கும். இந்தக் கூட்டணியையும் ஒரு தனிப் பசையாக எண்ணிச் சோதியுங்கள்.

சிலிக்கானில் வினிகர் வாசனை வரும் ரகம் உண்டு. இறுகும்போது அது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. சுண்ணாம்புக் கல்லில் அந்த அமிலம் கல்லையே அரித்து, நடுவில் வலுவற்ற ஒரு அடுக்கை உண்டாக்கிவிடும். அமிலச் சொட்டுக்கு நுரைத்த கல்லில் இதைத் தொடாதீர்கள்.

சிமெண்ட் பசையில்லை என்றாலும் மலிவான போட்டியாளர். பவளம் நடுபவர்கள் பலர் அதைத்தான் நம்புகிறார்கள். சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து வைத்தால் கரையாமல் நிற்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிறையக் கலந்தால், அது நீரில் மெல்லக் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிமெண்டை ஒரே நாளில் இழுத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. 28 நாள் கொடுங்கள்.

இழுக்கும் கட்டையும் தராசும்

பெயின்ட் துறையில் இதற்கு நிலையான முறை இருக்கிறது: ஏ.எஸ்.டி.எம். டி 4541, ஐ.எஸ்.ஓ. 4624. சிறு உலோகக் கட்டையைப் பரப்பில் ஒட்டி, செங்குத்தாக இழுத்துப் பிரிப்பார்கள். அதே தத்துவம்தான் நமக்கும். கருவிக்குப் பெரும் விலை கொடுக்கத் தேவையில்லை.

லேத் பட்டறையில் 20 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் கம்பியை 15 மி.மீ. உயரத் துண்டுகளாக வெட்டி, மேலே 6 மி.மீ. மறை போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் வளைய போல்ட்டைத் திருகினால் கட்டை தயார். 20 மி.மீ. வட்டத்தின் பரப்பு 314 சதுர மி.மீ. 50 கிலோ வரை காட்டும் லக்கேஜ் தராசை நேராக மாட்டினால் 1.56 மெகாபாஸ்கல் வரைதான் அளக்க முடியும். அதற்கு மேல் நெம்புகோல் வேண்டும். ஒரு தடித்த இரும்புச் சட்டம். தாங்குமுனையிலிருந்து 10 செ.மீ.யில் கட்டையின் கொக்கி, 50 செ.மீ.யில் தராசு. ஐந்து மடங்கு. தராசு 20 கிலோ காட்டினால் கட்டையை 100 கிலோ இழுக்கிறது, அதாவது 3.1 மெகாபாஸ்கல். உச்ச எடையைப் பிடித்து வைக்கும் வசதி தராசில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டையின் அடிமுகத்தை 80 எண் உப்புத்தாளில் நன்றாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து வையுங்கள். பசை இரும்புப் பக்கம் விட்டுவிட்டால் கல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகும்.

பரப்பைத் தயார் செய்வது

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு பசைக்கும் மூன்று விதமான கல் வையுங்கள். ஒன்று, சில வாரங்கள் கடல்நீரில் கிடந்து பாசி படர்ந்தது, அப்படியே. இரண்டாவது, அதே மாதிரி ஊறியதை நீருக்கடியிலேயே கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தது. மூன்றாவது, பிரஷ் போட்ட பிறகு உளியாலோ கிரைண்டராலோ புதுக் கல் முகம் தெரியும்வரை கொத்தியது. கிரைண்டரைக் கரையில் மட்டும் ஓட்டுங்கள். மின்சாரக் கருவியும் உப்புநீர் வாளியும் ஒன்றாக இருக்கக் கூடாது.

பார்வைக்குச் சுத்தமாக இருக்கிற கல்லை நம்பாதீர்கள். கல் கடலில் இறங்கிய சில மணி நேரத்திலேயே கரிமப் படலம் படியத் தொடங்கி, பாக்டீரியாவும் குடியேறிவிடும். விரலால் தேய்த்தால் வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்கினால் நீங்கள் ஒட்டப்போவது அந்த வழுக்கலோடுதான். பிரஷ் போட்டதற்கும் பசை வைப்பதற்கும் இடையே அரை மணிக்கு மேல் விடாதீர்கள்.

ஒப்பீட்டுக்காக நன்றாக உலர்ந்த கல்லில் காற்றில் ஒட்டி, இறுகிய பிறகு நீரில் போட்ட தொகுதி ஒன்றும் வேண்டும். அந்தப் பசை அந்தக் கல்லில் அதிகபட்சம் என்ன தரும் என்பதை அது சொல்லிவிடும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் குறைந்தது ஐந்து கட்டைகள். மூன்று போதும் என்று தோன்றும். போதாது, இந்த வேலையில் எண்கள் அவ்வளவு சிதறும்.

நீருக்குள் ஒட்டுவது

வாளியில் நிஜக் கடல்நீர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நீர் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். எபாக்ஸி இறுகும் வேகம் 10 டிகிரிக்குச் சுமார் இரண்டு மடங்கு மாறும். உறையில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைக்கானது. நம் ஊர் சித்திரை வெயிலில் அதில் பாதிதான் கையில் இருக்கும்.

நைட்ரைல் கையுறை போடுங்கள். எபாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்து, வந்தது போகாது. கையுறையை நனைத்துக்கொண்டு, இரண்டு நிறமும் கோடில்லாமல் ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாது.

பசை உருண்டையைக் கல்லில் அப்படியே வைத்து அமுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அப்போதுதான் நீர் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பதிலாக, பட்டாணி அளவு பசையை எடுத்துக் கல்லின் மேல் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். முதலில் வழுக்கிக்கொண்டே போகும், கல்லில் படியாது. விடாமல் தேய்த்தால் ஒரு கட்டத்தில் 'பிடித்துக்கொள்ளும்'. விரலுக்கு அந்த மாற்றம் தெரியும். கல்லின் குழிகளெல்லாம் பசை நிறத்தில் நிரம்பிய பிறகு, மீதிப் பசையைக் கட்டையின் அடியில் கூம்பு மாதிரி, நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்து இருக்கும்படி வையுங்கள். நடு முதலில் தொட்டு, நீரை வெளியே தள்ளிக்கொண்டே ஓரம் போய்ச் சேர வேண்டும். அமுக்கும்போது கால் சுற்று திருப்பிவிடுங்கள்.

பசையின் தடிமன் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க, அரை மில்லிமீட்டர் தூண்டில் நரம்பில் இரண்டு சிறு துண்டுகளை அடியில் வைப்பது நல்ல தந்திரம். வெளியே பிதுங்கிய பசையைப் பச்சையாக இருக்கும்போதே கத்தியால் வழித்துவிடுங்கள். அப்படியே விட்டால் ஒட்டுப் பரப்பு 314 ஆக இருக்காது, கணக்கு ஏமாற்றும்.

ஊற விடுவது

ஒரு நாள், ஏழு நாள், ஒரு மாதம் என்று மூன்று தவணை வையுங்கள். பொறுமை இருந்தால் மூன்று மாதமும். ஆவியாகிக் குறைந்த நீரை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். சிமெண்ட் போட்ட கற்களுக்குத் தனி வாளி வேண்டும். அது நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும்.

சில கட்டைகளைச் சும்மா ஊற விடாமல், கல்லைத் தலைகீழாக நிறுத்தி எடை கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு நாள் சோதனையில் விட்ட எடையில் கால் பங்கு போதும். நீருக்குள் தொங்கும் எடை குறைந்து நிற்கும் என்பதைக் கணக்கில் சேருங்கள்: ஒரு கிலோ கருங்கல் கடல்நீரில் 620 கிராம்தான். சிலிக்கான் போன்ற மென்மையான பசைகள் தராசு இழுப்பில் தாக்குப்பிடித்து, இந்தத் தொங்கலில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

இழுப்பது

கல்லை நீரிலிருந்து எடுத்ததும், ஈரம் காய்வதற்குள் இழுங்கள். கல்லைக் கனமான பலகையில் இறுக்கிப் பூட்டி, கொக்கி செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு ஓரம் முதலில் கிழிந்து, எண் பாதியாகிவிடும். ஒரே சீராக, வெடுக்கென்று இழுக்காமல், ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும்படி விசையை ஏற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், விடும்போது கட்டை எகிறும்.

அப்புறம் வேண்டுமென்றே சாய்த்தும் சில கட்டைகளை இழுங்கள். 5 செ.மீ. நீள போல்ட்டைத் திருகி, அதன் நுனியைப் பக்கவாட்டில் இழுப்பது. கடல் அப்படித்தான் இழுக்கும். நேர் இழுப்பில் முதலிடம் வந்த மொறுமொறுப்பான பசை இதில் பின்னுக்குப் போவது சகஜம்.

உடைந்த முகத்தைப் படிப்பது

கட்டை வந்ததும் எண்ணை எழுதிவிட்டு, இரண்டு முகங்களையும் லென்ஸில் பாருங்கள். நான்கு சாத்தியங்கள்.

கட்டையின் அடியில் கல் துகள்கள் பெயர்ந்து வந்திருந்தால் பசை கல்லை விட வலுவானது. அதற்கு மேல் நல்ல செய்தி இல்லை. இரண்டு பக்கமும் பசை இருந்தால் பசையே நடுவில் கிழிந்திருக்கிறது. ஒட்டுதல் சரி, வேறு பசையோ நன்றாகப் பிசைவதோ தேவை. கல் சுத்தமாக, ஒன்றுமே ஒட்டாத மாதிரி இருந்தால் எல்லைக்கோட்டில் விட்டது. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதை நம்பாதீர்கள், நீர் உள்ளே போக வழி இருக்கிறது. நான்காவது, இரும்புப் பக்கம் விட்டது. அந்த எண்ணை 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று மட்டும் எழுதலாம்.

கலவையாகத்தான் பெரும்பாலும் வரும். ஒளிபுகும் தாளில் 2 மி.மீ. கட்டம் அச்சடித்து மேலே வைத்து, எது எத்தனை கட்டம் என்று எண்ணிச் சதவீதம் போடுங்கள். நிறமற்ற பசை கல்லில் மிச்சமிருக்கிறதா என்று தெரியாவிட்டால், முகத்தைக் காயவைத்து ஒரு சொட்டு நீரை விடுங்கள். வெறும் கல்லில் நீர் பரவிக் கறுக்கும். பசை படிந்த இடத்தில் பரவாமல் நிற்கும். மணற்கல்லில் இது தெளிவாகத் தெரியும், மெருகான கல்லில் அவ்வளவாகத் தெரியாது.

பசையின் அடிமுகத்தில் வழவழப்பான, ஓரம் வளைந்த பள்ளங்கள் தெரிந்தால் அவை சிறைப்பட்ட நீரின் அச்சு. பச்சையோ பழுப்போ மெல்லிய தோல் ஒட்டியிருந்தால் பாசி. இந்த இரண்டையும் தனிக் கட்டமாக எண்ணுங்கள். அவை பசையின் குறை அல்ல, வைத்த விதத்தின் குறை.

எண்களை வைத்து முடிவெடுப்பது

சராசரியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்தில் நான்கு 3 மெகாபாஸ்கலும் ஒன்று 0.4ம் காட்டினால், உங்கள் பெட்டியைக் கடல் அந்த 0.4ல்தான் பிடுங்கும். நான் இரண்டு எண்களை மட்டும் பார்ப்பேன்: நடு எண் (வரிசையாக எழுதினால் நடுவில் வருவது), மிகக் குறைந்த எண். இரண்டுக்கும் இடைவெளி குறைவாக உள்ள பசையையே எடுப்பேன், வேறொன்றின் உச்சம் அதைவிட அதிகமாக இருந்தாலும். மிகக் குறைந்த எண்ணை நாலால் வகுத்து, முதலில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'இது சரியாக ஒட்டவில்லை' என்று ஒரு கட்டையைக் கழிப்பதானால், இழுப்பதற்கு முன்பே கழித்துவிடுங்கள். இழுத்த பிறகு காரணம் தேடுவது சோதனை ஆகாது.

ஒரு மாத எண் ஒரு நாள் எண்ணை விடப் பாதிக்கும் கீழே போயிருந்தால், இன்றைக்கு எவ்வளவு பலம் காட்டினாலும் அந்தப் பசை நிரந்தர வேலைக்கு வேண்டாம். அதே நேரம் எண் அதிகம் மாறாமல், உடையும் இடம் மட்டும் பசை நடுவிலிருந்து கல் எல்லைக்கு நகர்ந்திருந்தால், அதுவும் எச்சரிக்கைதான். வீழ்ச்சி தொடங்கிவிட்டது, எண்ணில் இன்னும் வரவில்லை.

கடலுக்குப் போகும்போது

வாளியில் தேறிய ஒன்றோ இரண்டோ பசைகளை மட்டும், எண் பொறித்த சிறு தகடுகளில் நிஜப் பாறையில் ஒட்டிப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு தகடுகூட வேண்டாம். அலை நேராக அடிக்கும் முகத்தில் பாதி, மறைவில் பாதி. கடல் ஏற்ற இறக்க நேரம் பார்த்து, தணிந்த நீரில் வேலை செய்யுங்கள். ஒட்டிய முதல் சில மணி நேரம் அலை ஆட்டினால் வாளிச் சோதனையில் பார்த்தது எதுவும் செல்லாது. ரப்பர் பட்டையோ முட்டுக் கல்லோ கொடுத்து அசையாமல் வைக்கலாம். இறுகிய பிறகு முட்டுக் கல்லை எடுத்துவிடுங்கள், ரப்பரைக் கடலில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒட்டி, தை மாதம் போய்ப் பாருங்கள். விழுந்த தகடுகள் இருந்த இடத்தைப் பாறையில் தேடி, பசை மிச்சமிருக்கிறதா, கல் வெறுமையாக இருக்கிறதா என்று படம் எடுத்து, வாளியில் உடைந்த முகங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாளியில் கல் துகள் பெயர்த்த பசை கடலில் வெறும் கல்லை விட்டுப் போயிருந்தால், பசையை மாற்றாதீர்கள். பிரஷ் போடும் ஆளையும் நேரத்தையும் முதலில் பாருங்கள்.